காருக்குள் தேங்கும் மழைநீர்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. எட்டு ஆண்டுப் பழைய சிறிய கார் ஒன்று வைத்திருக்கிறேன். ஷெட் கிடையாது, வாசலில் இருக்கும் புங்க மரத்தடியில்தான் நிறுத்துகிறேன். ஐப்பசி பிறந்ததிலிருந்து, இரவில் மழை பெய்தால் காலையில் முன்பக்க இடது இருக்கையில் கால் வைக்கும் இடத்தில் தண்ணீர் நிற்கிறது. மழையில்லாத நாளில் ஏ.சி. போட்டு எவ்வளவு தூரம் ஓட்டினாலும் நனைவதில்லை. ஒரு கடையில் முன் கண்ணாடியைச் சுற்றிச் சிலிக்கான் பூசிக் கொடுத்தார்கள், பயனில்லை. கண்ணாடியின் உட்புறம் எந்நேரமும் ஆவி படிகிறது. ஈரச் சாக்கு நாற்றமும் போகவில்லை. என்ன செய்யலாம் ஐயா?

– மன்னார்குடி வாசகர்

பதில்: உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது. காருக்குள் வரும் தண்ணீர் எல்லாம் மழைநீர் அல்ல. ஏ.சி. ஓடும்போது குளிர்ந்த சுருளில் படியும் ஈரம் ஒரு சிறு குழாய் வழியாக வண்டிக்கு அடியில் சொட்ட வேண்டும். அந்தக் குழாய் அடைத்துக்கொண்டால் அதே தண்ணீர் இடது கால்பக்கம்தான் இறங்கும். நம் பகுதியின் புழுக்கத்தில் அந்த நீர் கொஞ்சநஞ்சமாக இராது. ஆனால் ஏ.சி. போட்டு ஓட்டினால் நனைவதில்லை என்று நீங்களே பார்த்து எழுதியிருப்பதால் அதை விட்டுவிடலாம். இனிப்பு வாசனையோடு, தொட்டால் பிசுபிசுப்பாக, பச்சையாகவோ சிவப்பாகவோ இருந்தால் அது ஹீட்டரிலிருந்து கசியும் கூலண்ட், அதாவது இஞ்சினைக் குளிர்விக்கும் திரவம். நீங்கள் அப்படி எதையும் குறிப்பிடவில்லை. ஆகவே உங்களுடையது மழைநீர். மரத்தடியில் நிற்கும் வண்டி என்பதால் என் முதல் சந்தேகம் வைப்பருக்குக் கீழே இருக்கும் பள்ளத்தின் மீதுதான்.

பானெட்டுக்கும் முன் கண்ணாடிக்கும் நடுவே, வைப்பர் கைகள் கிளம்பும் இடத்தில் கறுப்பு பிளாஸ்டிக் மூடி ஒன்று இருக்கும். அதற்கு அடியில் வண்டியின் அகலம் முழுக்கத் தகரத்தாலான ஒரு தொட்டி ஓடுகிறது. கண்ணாடியில் விழும் மழை அத்தனையும் அந்தத் தொட்டிக்குள் இறங்கி, இரு ஓரங்களிலும் உள்ள துளைகள் வழியாக முன் சக்கரங்களின் பின்புறம் தரையில் வடிய வேண்டும். உள்ளே காற்றை இழுக்கும் புளோயரின் வாயும் அதே தொட்டியில்தான், நம் ஊர்க் கார்களில் பெரும்பாலும் இடப்பக்கத்தில், சற்றே உயர்ந்த விளிம்போடு இருக்கிறது. துளைகள் அடைபட்டால் தண்ணீர் ஏறி அந்த விளிம்பைத் தாண்டும். தாண்டியது நேராக உங்கள் இடது கால்பக்கத்தில் கொட்டும். வடிகாலில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டால் சம்பா வயல் என்ன பாடுபடும் என்பதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. தண்ணீர் வரும் வழியை அடைப்பதால் பயனில்லை, போகும் வழியைத் திறக்க வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் இதே குறையோடு வந்த ஒரு காரில் அந்த மூடியை நானே கழற்றினேன். உள்ளே நான்கு விரல் உயரத்துக்குப் புங்கம்பூவும் சருகும் மட்கி, எருக்குழி மண்ணைப் போலக் கறுத்துக் கிடந்தன. ஓர் ஓரத்தில் இரண்டு இலை விட்ட வேப்பங்கன்று ஒன்று வேர் பிடித்திருந்தது. துளையைக் கண்ணால் பார்க்கவே முடியவில்லை. கையால் அள்ளி எடுத்த பிறகு ஒரு குடம் தண்ணீர் ஊற்றினோம். முதலில் கஷாயம் போல வடிந்து, பிறகு தெளிந்தது. அந்த வண்டிக்கு வேறு எந்த வேலையும் தேவைப்படவில்லை.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். வைப்பர் கைகளின் நட்டைக் கழற்றி, கிளிப்புகள் உடையாமல் மூடியை எடுங்கள். சருகைக் கையால் அள்ளிவிட்டு, மீதியை வளைகிற மெல்லிய பிளாஸ்டிக் குழாயால் கிளறுங்கள். இரும்புக் கம்பியைக் கொண்டு குத்தினால் துளையின் முனையில் உள்ள ரப்பர் கிழிந்துவிடும். பிறகு இரு பக்கமும் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஊற்றிய வேகத்திலேயே இரு பக்கமும் சமமாகக் கீழே வடிந்தால் வழி சரியாகிவிட்டது. ஒரு பக்கம் தயங்கினால் அந்தப் பக்க வேலை இன்னும் முடியவில்லை.

அதன் பிறகும் ஈரம் வந்தால் பொறுமையாகத் தேடத்தான் வேண்டும். ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்காரட்டும். இன்னொருவர் தோட்டத்துக் குழாயில், பீய்ச்சாமல், சாதாரணமாக ஓடும் தண்ணீரைக் கீழிருந்து மேலாக, ஓரிடத்துக்குப் பத்து நிமிடம் வீதம் விடட்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்து, எது ஓட்டை என்று சொல்லவே முடியாது. சந்தேகப்படும் விளிம்புகளில் உட்புறம் முகப்பவுடரைத் தூவி வைத்தால், தண்ணீர் வந்த தடம் கோடாகத் தெரியும். கதவின் ரப்பர் பீடிங்கைச் சோதிக்க, ஒரு காகிதத் துண்டை வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் கையோடு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் சப்பையாகிவிட்டது. கதவில் புதிதாக ஸ்பீக்கர் பொருத்தியிருந்தால் உள் அட்டையைக் கழற்றி, அதன் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாள் கிழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

அந்தச் சிலிக்கான் பூச்சைப் பற்றி எனக்கு வருத்தமே. முன் கண்ணாடி உடம்போடு ஒட்டப்படுவது பாலியூரித்தேன் பசையால். சிலிக்கான் படிந்த இடத்தில் அந்தப் பசை பின்னால் சரியாகப் பிடிக்காது. வினிகர் நெடி அடிக்கும் வகைச் சிலிக்கான் வண்ணம் போன தகரத்தை அரிக்கவும் செய்யும். எந்த இடத்தில் கசிகிறது என்று காட்டாமல் சிலிக்கான் துப்பாக்கியை எடுப்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

கசிவு நின்றதும் கார்ப்பெட்டை அப்படியே விட்டுவிடக் கூடாது. மேலே கை வைத்தால் காய்ந்ததுபோல் இருக்கும். அதன் அடியில் ஒட்டியுள்ள தடித்த பஞ்சு வாரக்கணக்கில் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். உங்கள் கண்ணாடியில் ஆவி படிவதும் நாற்றமும் அதனால்தான். பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றிவிட்டு, இருக்கையின் போல்ட்டுகளை எடுத்து, கார்ப்பெட்டைத் தூக்கிப் பஞ்சைப் பிழியுங்கள். இருக்கைக்கு அடியில் மஞ்சள் நிற இணைப்பு இருந்தால் அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது; அதை மெக்கானிக்கே தொடட்டும். கார்த்திகை முடியும் வரை வெயிலை நம்ப முடியாது என்பதால், திண்ணையில் மின்விசிறிக்கு முன்னால் இரண்டு மூன்று நாள் போட்டு, செய்தித்தாளை மாற்றி மாற்றி அழுத்தி ஈரத்தை எடுங்கள். தரைத் தகடு வெறுமையாக இருக்கும் அந்த நேரத்தில் துருப் புள்ளிகளைத் தேய்த்து, துரு எதிர்ப்பு பெயிண்ட் பூசிவிடுங்கள். ஒயர் இணைப்புகளில் பச்சை படிந்திருந்தால் அதையும் அப்போதே சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

கேள்வி: சாலையில் தேங்கியிருந்த தண்ணீரைக் கடந்து வந்தேன். கதவுகள் மூடியே இருந்தும் நான்கு இருக்கைகளின் அடியிலும் ஈரம். எப்படி?

– திருத்துறைப்பூண்டி வாசகர்

பதில்: தரைத் தகட்டில் வட்டமான ரப்பர் மூடிகள் பல உண்டு, பழைய வண்டிகளில் அவற்றில் ஒன்றிரண்டு இறுகியோ விழுந்தோ போயிருக்கும். வண்டியைத் தூக்கி அடியில் பார்த்து, அதே அளவில் புதியவை போடுங்கள். இருக்கை வரை தண்ணீர் ஏறிய வண்டி என்றால் சாவியையே திருப்ப வேண்டாம். இஞ்சினுக்குள் தண்ணீர் இருந்து அது சுழன்றால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். வெள்ளச் சேதம் முழுமையான காப்பீட்டில் அடங்கும்; மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் கிடைக்காது. தண்ணீரோடு இயக்கி உடைந்த இஞ்சினுக்கு அதற்கென்று தனியாகக் கட்டணம் செலுத்திச் சேர்த்த பாதுகாப்பு இருந்தால்தான் பணம் வரும்.

கதவின் அடி விளிம்பில் உள்ள சிறு துளைகள் வழியாகத்தான் தண்ணீர் வந்தது என்று எண்ணி, அவற்றை எம்-சீல் வைத்து அடைத்துவிடாதீர்கள். கண்ணாடி ஏறி இறங்கும் பிளவு வழியாகக் கதவுக்குள் விழும் மழைநீர் வெளியேற அவை மட்டுமே வழி. அடைத்தால் கதவே தொட்டியாகி, இரண்டொரு மழைக்காலத்தில் அடியிலிருந்து துருப்பிடித்துப் பொத்தலாகிவிடும்.