கீழக்கரைத் தொதலின் பெயர் மலேசியாவில் வேறொருவருக்குப் பதிவாகிவிட்டது: என்ன செய்யலாம்?

கேள்வி: கீழக்கரையில் வீட்டிலேயே தொதல் என்ற இனிப்பைக் கிண்டி விற்கிறோம். உம்மா தொடங்கிய தொழில். எங்கள் பெயருக்கும் லேபிளுக்கும் 2017இல் இந்தியாவில் டிரேட்மார்க் விண்ணப்பம் கொடுத்து, பதிவுச் சான்றிதழும் வாங்கிவிட்டோம். 2018 முதல் மலேசியாவின் கிள்ளானில் உள்ள ஒரு வியாபாரிக்கு அனுப்பிவந்தோம். பணத்தை இழுத்தடித்ததால் போன மாதம் வேறொருவருக்கு மாற்றினோம். உடனே பழைய வியாபாரி, "மலேசியாவில் அந்தப் பெயர் எனக்குப் பதிவாகியிருக்கிறது. விற்க வேண்டுமானால் என்னிடம் அனுமதி ஒப்பந்தம் போடுங்கள்" என்று நோட்டீஸும் ஒப்பந்தமும் அனுப்பியிருக்கிறார். எங்கள் இந்தியப் பதிவு அங்கே செல்லாதா?

பதில்: சகோதரி, முதலில் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டால், பெயர் அவருடையதுதான் என்று நீங்களே எழுதிக் கொடுத்ததாகிவிடும். வாட்ஸ்அப்பில் சமாதானத்துக்காகக்கூட அப்படி ஒரு வரி போக வேண்டாம்.

உங்கள் கேள்விக்குப் பதில்: செல்லாது. டிரேட்மார்க் என்பது நாட்டுக்கு நாடு தனித்தனி உரிமை. இதை நம் உச்ச நீதிமன்றமே 2017இல் டொயோட்டாவின் 'பிரியஸ்' வழக்கில் உறுதியாகச் சொன்னது. உலகமெங்கும் பெயர் பெற்ற கார் என்பது மட்டும் போதாது, அந்தச் சமயத்தில் இந்தியாவில் அந்தப் பெயருக்கு மதிப்பு இருந்ததைக் காட்ட வேண்டும் என்று கூறி, அந்தப் பெயரை இங்கே பயன்படுத்திய டெல்லி உதிரிபாக வியாபாரி பக்கம் தீர்ப்பளித்தது. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே அதுதான் விதி.

அதற்காகப் பெயர் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். பழைய வியாபாரி பதிவை வாங்கியே விட்டாரா, விண்ணப்பம் மட்டும் போட்டிருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். மலேசிய அறிவுசார் சொத்துக் கழகத்தின் இணையதளத்தில் தேடலாம். விண்ணப்ப நிலையில் இருந்தால், அது பொது அறிவிப்பாக வெளியாகி இரண்டு மாதத்துக்குள் ஆட்சேபணை போட வேண்டும். இங்கே நான்கு மாதம் இருக்கிறதே என்று அசட்டையாக இருந்துவிடாதீர்கள். பதிவே ஆகியிருந்தால், அங்குள்ள உயர் நீதிமன்றத்தில் ரத்து கேட்க வேண்டும். நாளாக ஆக அது கடினமாகும்.

உங்கள் பலம் இரண்டு. ஒன்று, முதலில் பயன்படுத்தியவர் யார் என்பதற்கு மலேசியச் சட்டம் மதிப்புக் கொடுக்கிறது. சீனா போல, முதலில் விண்ணப்பித்தவருக்கே முன்னுரிமை தரும் நாடாக இருந்திருந்தால் உங்கள் பாடு இன்னும் சிரமமாகியிருக்கும். உங்கள் லேபிள் ஒட்டிய பெட்டியை அவர் விற்றால், அந்தப் பயன்பாடு பொதுவாக உங்கள் கணக்கில்தான் சேரும். இரண்டு, ஏஜெண்டே உரிமையாளரைக் கேட்காமல் பெயரைப் பதிந்துகொண்டால் எதிர்க்கலாம், ரத்து கேட்கலாம் என்று டிரேட்மார்க் போன்ற உரிமைகளுக்கான பாரிஸ் உடன்படிக்கை (பருவநிலை ஒப்பந்தம் அல்ல) சொல்கிறது. இந்தியாவும் மலேசியாவும் அதில் உறுப்பு நாடுகள். "நான் ஏஜெண்ட் இல்லை, சரக்கை வாங்கி விற்றவன்" என்று அவர் சொல்வார். அதனால் "உங்க பிராண்டை இங்கே நான் பார்த்துக்கிறேன்" என்பது போல அவர் எப்போதாவது எழுதியிருந்தால், அந்தச் செய்தி தங்கத்துக்குச் சமம். பழைய போனைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

லேபிளுக்கு இன்னொரு வழி இருக்கிறது. படத்துக்கான பதிப்புரிமை (காப்பிரைட்), பதிவே இல்லாமல் பெர்ன் உடன்படிக்கை நாடுகளில் செல்லும். காலம் மட்டும் வேறுபடும்: இங்கே வரைந்தவரின் ஆயுளுக்குப் பின் 60 ஆண்டு, மலேசியாவில் 50. ஆனால் படத்தை வரைந்தது அச்சகத்து டிசைனர் என்றால் உரிமை அவரிடமே இருக்கலாம். அவரிடம் இப்போதே எழுதி வாங்குங்கள். பத்திரத்தில் 'மலேசியா உட்பட எல்லா நாடுகளுக்கும்' என்று இருக்கட்டும், காலத்தையும் குறிப்பிடுங்கள். நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, இடம் சொல்லாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும், காலம் சொல்லாவிட்டால் ஐந்து ஆண்டுக்கு மட்டும் என்றுதான் பொருள். இதில் பலர் ஏமாந்துபோவதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது.

'ஆரம்பத்திலேயே செய்யாமல் விட்டோமே' என்று உங்களையே நொந்துகொள்ள வேண்டாம். ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளைக் கேட்கும் மாட்ரிட் முறையில் இந்தியா 2013இலேயே சேர்ந்தாலும், மலேசியா 2019 டிசம்பரில்தான் சேர்ந்தது. நீங்கள் அனுப்பத் தொடங்கிய 2018இல் அந்த வழி இல்லை. சிங்கப்பூரும் ஐக்கிய அரபு அமீரகமும் இப்போது அதில் இருக்கின்றன. கீழக்கரைக்காரர்கள் இருக்கும் ஊர்களுக்கெல்லாம் தொதல் போகும்தானே, அங்கேயாவது முந்திக்கொள்ளுங்கள். ஆனால் முதல் ஐந்து ஆண்டுக்கு அந்தப் பதிவு இந்தியப் பதிவைத் தாங்கித்தான் நிற்கும், இது விழுந்தால் அதுவும் விழும். உங்கள் இந்தியப் பதிவின் பத்து ஆண்டு 2027இல் முடிகிறது. ஓராண்டு முன்பிருந்தே புதுப்பிக்கலாம், தேதியைக் குறித்து வையுங்கள்.

'கீழக்கரைத் தொதல்' என்ற சொல்லை மட்டும் யாரும் தனியாக உரிமை கொண்டாட முடியாது, அது ஊருக்கே பொது. ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் கிடைத்தது போன்ற புவிசார் குறியீட்டை ஊர்க்காரர்கள் சேர்ந்து கேட்கலாம். அதுவும் இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும்.

வழக்கை நடத்த மலேசிய வழக்கறிஞர்தான் வேண்டும். அவரிடம் பேசும்வரை புதிய வியாபாரிக்கு அந்த லேபிளில் சரக்கு அனுப்பாதீர்கள். அனுப்பினால் நோட்டீஸ் புதிய வியாபாரியின் வீட்டு வாசலுக்கும் போய்விடும். 2018இன் முதல் பில், ஷிப்பிங் பில், வங்கியில் பணம் வந்த சீட்டு, அச்சகத்து ரசீது ஆகியவற்றைத் தேதி வரிசையில் அடுக்கி, நோட்டீஸ் வந்த உறையோடு வழக்கறிஞருக்கு அனுப்புங்கள்.