அத்தை எடுத்த அரக்குப் பட்டும் டெக்கரேஷன்காரர் தந்த பாலெட்டும்

கேள்வி: அக்கா, தை மாசம் எனக்குக் கல்யாணம், பாளையங்கோட்டைல மண்டபம். காலைல முகூர்த்தம், அன்னைக்கே சாயங்காலம் ரிசப்ஷன். டெக்கரேஷன்காரர் வெளிர் ரோஸ், சாம்பல் பச்சை, க்ரீம்னு ஒரு பாலெட் அனுப்பி, குடும்பத்துல எல்லாரும் அதுக்கு மேட்சா உடுத்தணும்னு சொல்லுதாரு, எனக்கும் ஆசையாத்தான் இருக்கு. ஆனா மாப்பிள்ளை வீட்டு அத்தை முகூர்த்தப்பட்டு அரக்குல பச்சை பார்டர் எடுத்திருக்காவ. மாத்தச் சொல்லிக் கேக்கவே கூடாதுன்னு அம்மா சொல்லுதா. எதை விட?

பதில்: பட்டை விடாத தங்கச்சி. பாலெட்டையும் தூக்கிப் போட வேண்டாம், அதை சாயங்காலத்துக்கு வச்சுக்கோ.

ஏன்னா முகூர்த்த மேடைல நாம கேக்காமலே சில கலர் வந்து உக்காந்துரும். தாலிக்கயிறு மஞ்சள், குங்குமம், வாழை மரத்தோட பச்சை, ஜரிகை, மாப்பிள்ளை வேட்டியோட வெள்ளை, இது எதையும் யாரும் மாத்தப் போறதில்ல. இத்தனை அழுத்தமான கலருக்கு நடுவுல சாம்பல் பச்சைத் துணியைக் கட்டினா அது வெளுத்துப்போன துணி மாதிரிதான் தெரியும். அதே துணி சாயங்காலம், நீ லேசான கலர்ல உடுத்தி நிக்கும்போது நல்லா எடுக்கும்.

அத்தை எடுத்த பட்டுலயே உனக்கு பாலெட் இருக்கு. செவப்பும் பச்சையும் எதிரெதிர் கலர், பக்கத்துல வந்தா ஒண்ணை ஒண்ணு தூக்கிக் காட்டும், அதனாலதான் காஞ்சிபுரத்துல கோர்வை நெய்யுறவங்க உடலுக்கு ஒரு கலர் பார்டருக்கு வேற கலர்னு வச்சு கோத்து நெய்யுதாங்க. அதனால அரக்கு, பச்சை, பொன் இந்த மூணும் உன்மேலயும் மாலைலயும் இருக்கட்டும், பின்னாடி கட்டுற துணி மட்டும் வெறும் சந்தன கலர். பின்னாடியும் அரக்கு கட்டிராதீங்க, நீ அதுக்குள்ள காணாமப் போயிருவ.

பூவுக்குத் தோவாளைல சொல்லுங்க. அங்க கட்டுற மாணிக்கமாலை செவப்பு அரளி, வெள்ளை அரளி, நொச்சி இலை வச்சு மடிச்சுக் கட்டுறது, 2025ல புவிசார் குறியீடு கூட வாங்கிருச்சு, உன் பட்டுக்குன்னே கட்டினது மாதிரி இருக்கும். மேடை முழுக்க மல்லின்னு மட்டும் ஒத்துக்காத, பனிக்காலத்துல மல்லி வரத்து கொறஞ்சு தைல விலை எங்கயோ போயிரும். தலைக்கு மல்லியும் பிச்சியும் போதும், மேடைக்குக் கேந்தியும் கோழிக்கொண்டையும் வை.

இப்ப நான் ரொம்பக் கவலைப்படுற விஷயம், லைட்டு. பட்டு பாத்துப் பாத்து எடுப்பாவ, பூ பாத்துப் பாத்து வாங்குவாவ, கடைசில ஊதாவும் நீலமுமா எல்இடி அடிச்சு வேட்டி நீலமாயி பொண்ணு முகம் ஒரு கலராயி ஆல்பம் முழுக்க கெட்டுப் போகுது, அப்புறம் யாரைக் கேக்க? முகூர்த்த நேரத்துக்குக் கலர் லைட்டே வேண்டாம்னு டெக்கரேஷன்காரர்ட்ட இப்பவே கண்டிப்பா சொல்லிரு. வெளிச்சத்தோட கலரைக் கெல்வின்னு ஒரு அளவுல சொல்லுவாங்க, 3000 கெல்வின் பக்கம்னா மஞ்ச வெளிச்சம், 6500னா ட்யூப் லைட் மாதிரி நீலம் கலந்த வெள்ளை. எதுவானாலும் ஒரே வகை போடச் சொல்லு, ரெண்டும் கலந்தா கேமராக்காரர் ஒண்ணைத்தான் சரி பண்ண முடியும். ப்ளவுஸ் துணி மேட்ச் பாக்கவும் இதான் வழி, கடை லைட்ல ஒண்ணாத் தெரியுற ரெண்டு பச்சை வெயில்ல வேற வேறயாத் தெரியும், அதனால கடை வாசலுக்குக் கொண்டு வந்து பாரு.

சொந்தக்காரங்க மேட்சா உடுத்துறதை விட்டுரு தங்கச்சி. சித்தி, மதினி எல்லாரும் ஆசையா எடுத்து வச்ச பட்டு மாம்பழ மஞ்சளோ மயில்கழுத்தோ கத்திரிப்பூவோ இருக்கும், உன் கல்யாணத்துக்குன்னே பீரோல இருந்து எடுப்பாவ, அவங்களைப் போயி சாம்பல் பச்சை வாங்குங்கன்னு செலவு வைக்காத. முகூர்த்தத்துக்கு அரக்கு மட்டும் வேண்டாம்னு அம்மாவை விட்டு நாலு பேர்ட்ட சொல்லச் சொல்லு, அது போதும்.

டெக்கரேஷன்காரருக்குப் பட்டை போட்டோ எடுத்து அனுப்பாத, போன்ல அரக்கு செவப்பாத்தான் தெரியும். ப்ளவுஸ் தைக்கும்போது மிஞ்சுற துண்டைக் கையிலயே குடு. பத்தமடைல பேர் போட்டுப் பட்டுப்பாய் சொல்றதா இருந்தா அங்கயும் ஒரு துண்டு குடுத்து அதே அரக்கும் பச்சையும் கேளு, நைஸ் பாய் நெய்ய நாள் பிடிக்கும், இந்த வாரமே சொல்லிரு.