வீட்டுக்குள் கூலிங் கிளாஸ்: கழற்றினால் கண் கூசுவது ஏன்?

கேள்வி: என் மகனுக்கு 22 வயது. வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறான். ஆறேழு மாதமாக வீட்டுக்குள்ளும் கறுப்புக் கூலிங் கிளாஸோடுதான் இருக்கிறான். ஸ்டைலுக்குப் போடுகிறான் என்று விட்டுவிட்டோம். இப்போது கழற்றச் சொன்னால் கண் கூசுகிறது என்கிறான். ஹாலில் டியூப் லைட் போட்டால் சண்டைக்கு வருகிறான். பார்வை கெட்டுவிடுமா டாக்டர்?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: பயப்படாதீர்கள் அம்மா. வீட்டுக்குள் கூலிங் கிளாஸ் போடுவதால் பார்வை போகாது, பவரும் ஏறாது. கல்யாண மண்டபத்தில் போட்டோவுக்காகப் போடுகிறவர்களை நான் ஒன்றும் சொல்வதில்லை. எம்.ஜி.ஆரையும் கலைஞரையும் கறுப்புக் கண்ணாடியோடே பார்த்துப் பழகிய ஊர் நம்முடையது. (கலைஞர் போட்டது ஸ்டைலுக்கு அல்ல, விபத்தில் கண் பாதிக்கப்பட்டதால்.) ஆனால் டியூப் லைட்டுக்கே கூசுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதை அப்படியே விட முடியாது.

வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்போம். உச்சி வெயிலில் அது ஒரு லட்சம் லக்ஸ் வரை இருக்கும். டியூப் லைட் எரியும் நம் வீட்டு ஹாலில் 100 முதல் 300 லக்ஸ் இருந்தால் அதிகம். வெயிலுக்கென்று செய்த வழக்கமான கறுப்பு லென்ஸ் 8 முதல் 18 சதவீத வெளிச்சத்தைத்தான் உள்ளே விடும். ஆக, உங்கள் மகன் பகல் முழுக்கத் தெருவிளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருட்டில் அரை மணி நேரம் இருந்தாலே விழித்திரை தன் உணர்திறனைப் பல மடங்கு கூட்டிக்கொள்ளும். மேட்னி ஷோ முடிந்து வெளியே வரும்போது கண்ணைத் திறக்க முடியாமல் தவிக்கிறோமே, அதேதான். நாம் இரண்டு நிமிடத்தில் சரியாகிவிடுகிறோம். அவரோ கூசியதும் மறுபடி கண்ணாடியை மாட்டிக்கொள்கிறார். இப்படியே மாதக்கணக்கில் போனால், சாதாரண வெளிச்சமே தாங்க முடியாதது போல் ஆகிவிடும். கூச்சத்துக்கு மருந்து என்று நினைத்துப் போடும் கண்ணாடியே கூச்சத்தை வளர்க்கிறது.

அவரிடம் நிதானமாக ஒன்று கேளுங்கள்: கூச்சம் முதலில் வந்ததா, கண்ணாடி முதலில் வந்ததா? கூச்சம்தான் முதலில் என்றால் அதற்குக் காரணம் தேட வேண்டும்.

கம்ப்யூட்டரில் வேலை என்கிறீர்கள். திரையை உற்றுப் பார்க்கும்போது இமை தட்டுவது குறைந்துவிடும். அதோடு ஏ.சி. காற்றோ, முகத்துக்கு நேராக ஃபேனோ இருந்தால் கண் வறண்டு போகும். எரிச்சலும் கூச்சமும் சேர்ந்தே வரும். கிளினிக்கில் இதைக் கண்டுபிடிப்பது எளிது. ஆரஞ்சு நிற மருந்துக் காகிதத்தை நனைத்துக் கீழ் இமையில் லேசாகத் தொடுவோம். நீல விளக்கில் பார்த்தால், காய்ந்து புண்பட்ட இடங்கள் மட்டும் பச்சைப் புள்ளிகளாக ஒளிரும். வலிக்காது.

அடிக்கடி ஒற்றைத் தலைவலி, குமட்டல் உண்டா என்றும் கேளுங்கள். மைக்ரேன் இருப்பவர்களுக்கு வெளிச்சம் நிஜமாகவே வேதனை. அவர்களுக்கும் வீட்டுக்குள் கறுப்புக் கண்ணாடி வேண்டாம் என்றுதான் சொல்வோம். தேவைப்பட்டால் எஃப்.எல்.41 என்ற இளஞ்சிவப்புச் சாயல் லென்ஸ் இருக்கிறது.

கருவிழியைச் சுற்றிச் சிவந்து, உள்ளே வலித்து, பார்வையும் கொஞ்சம் மங்கினால் அது கண்ணின் உட்பகுதி அழற்சியாக இருக்கலாம். இந்த வயது ஆண்களிடம் நான் கூடவே கேட்கும் கேள்வி: காலையில் எழுந்ததும் இடுப்பு விறைத்துக்கொண்டு, நடமாட நடமாடச் சரியாகிறதா? ஆமாம் என்றால் முதுகெலும்பு மூட்டு வாதமும் கண் அழற்சியும் ஒன்றாக வந்திருக்கலாம். தயவுசெய்து மெடிக்கல் ஷாப்பில் கேட்டுச் சொட்டு மருந்து வாங்காதீர்கள். சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். சிவப்பு உடனே மறையும், ஆனால் கண் அழுத்தம் கூடி நரம்பு கெடலாம். அப்புறம், கூச்சத்தோடு காய்ச்சல், வாந்தி, கழுத்து விறைப்பு சேர்ந்தால் கண் மருத்துவரைத் தேட வேண்டாம், நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

பரிசோதனையில் நோய் எதுவும் இல்லை என்று தெரிந்துவிட்டால், கண்ணாடியைப் பிடுங்கி வைக்காதீர்கள். திடீரென்று நிறுத்தினால் முதல் நாளே தோற்றுப்போவார். காலையில் ஜன்னல் ஓரமாக அரை மணி நேரம் கண்ணாடி இல்லாமல் உட்காரட்டும். இரண்டு நாளுக்கு ஒருமுறை அரை அரை மணியாகக் கூட்டுங்கள். டியூப் லைட் நேரே முகத்தில் அடிக்காதபடி மேசையைத் திருப்பிப் போடுங்கள். சிலருக்கு மூன்று, நான்கு வாரம் பிடிக்கும். முதல் வாரம் முணுமுணுப்பார், கண்டுகொள்ளாதீர்கள்.

இரவெல்லாம் விழித்துச் சிவந்த கண்ணை மறைக்கவும், யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்காமலும்கூட சிலர் கண்ணாடிக்குள் ஒளிந்துகொள்வது உண்டு. தூக்கம், சாப்பாடு, நண்பர்களோடு பேச்சு எப்படி இருக்கிறது என்பது எனக்கு இங்கிருந்து தெரியாது, உங்களுக்குத் தெரியும்.

வெளியே வெயிலில் போகும்போது தாராளமாகப் போடட்டும். ஆனால் அது புற ஊதாக் கதிரைத் தடுக்கும் 'யுவி 400' லென்ஸா என்று பார்த்துவிடுங்கள். கறுப்பாக இருந்தால் போதும் என்பது தவறு. ஸ்டிக்கரை நம்பாமல் ஆப்டிகல் கடையில் கொடுத்தால் கருவியில் வைத்துச் சொல்லிவிடுவார்கள்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்: அந்தக் கண்ணாடியோடு இரவில் பைக் எடுக்க விடாதீர்கள். ஹெட்லைட் கூசுகிறது என்பார். விளக்கில்லாத சைக்கிளும் ரோட்டில் படுத்திருக்கும் மாடும் அதைவிட முக்கியம். இரவு ஓட்டத்துக்கு என்று விற்கும் மஞ்சள் கண்ணாடியும் வேண்டாம், அதுவும் வெளிச்சத்தைக் குறைக்கத்தான் செய்யும்.