குட்டை துலிப்: காற்றைத் தாங்கும், மறு ஆண்டும் பூக்கும்

கேள்வி: லண்டன் புறநகரில் இருக்கிறோம். வாசல் தொட்டிகளிலும் வேலியோரப் பாத்தியிலும் உயரமான துலிப் நட்டோம். ஏப்ரல் காற்றில் பாதி ஒடிந்துபோனது. மறு ஆண்டு வெறும் இலைதான், பூவே இல்லை. சீக்கிரம் பூக்கும் குட்டை வகைக்கு மாறலாமா? எப்படி நடுவது?

பதில்: தாராளமாக மாறலாம். நீங்கள் சொல்லும் இரண்டு தொல்லைக்கும் அது நல்ல மருந்து. ஆனால் கடையில் பாக்கெட்டின் மேல் 'எர்லி' என்று போட்டிருப்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். 'சிங்கிள் எர்லி', 'டபுள் எர்லி' என்பவை வேறு பிரிவு. அவை பெரும்பாலும் ஏப்ரலில்தான் பூக்கும். உங்களுக்கு வேண்டியது கௌஃப்மானியானா என்ற குட்டைத் துலிப் பிரிவு. 15 முதல் 25 செ.மீ. உயரம்தான், மார்ச்சிலேயே பூத்துவிடும். 'ஸ்ட்ரேசா' என்ற சிவப்பும் மஞ்சளும் கலந்த ரகம் எனக்குப் பிடித்தது. அதற்கு அடுத்து பூப்பது 'கிரேகியை' என்ற இன்னொரு பிரிவு. இலையில் கருஞ்சிவப்புக் கோடுகள் ஓடும், பூ வருவதற்கு முன்பே பார்க்க அழகு. 'ரெட் ரைடிங் ஹூட்' அந்தக் குடும்பம்தான்.

இவற்றின் பூர்வீகம் மத்திய ஆசியாவின் மலைச்சரிவுகள். அங்கே குளிர்காலத்தில் பனி, வசந்தத்தில் பனி உருகிய ஈரம், கோடையில் வறட்சி. இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டால் பராமரிப்பு பாதி புரிந்துவிடும். உயரமான கலப்பின வகைகளில், பூத்து முடிந்ததும் தாய்க் கிழங்கு பல குட்டிக் கிழங்குகளாகப் பிரிந்துவிடும். பூக்கிற அளவுக்கு அவை பருக்காததால்தான் உங்களுக்கு இலை மட்டும் வந்திருக்கும். கௌஃப்மானியானாவும் கிரேகியையும் இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல். இடம் பிடித்துவிட்டால் பல ஆண்டுகள் வரும்.

பாத்தியில் முன் வரிசையில், வெயில் படும் இடமாகப் பாருங்கள். வெயிலில்தான் பூ விரியும், மப்பாக இருந்தால் மூடிக்கொண்டுவிடும். கோடையில் தினமும் தண்ணீர் விடும் பூச்செடிகளுக்கு நடுவே மட்டும் நட வேண்டாம். உறங்கும் கிழங்குக்கு அந்த ஈரம் ஆகாது. களிமண் என்றால், குழிக்கு அடியில் மட்டும் பொடிக்கல் போட்டுப் பயனில்லை, அங்கேயே தண்ணீர் தேங்கும். பாத்தியையே கொஞ்சம் மேடாக்குங்கள். ஆழம், கிழங்கின் உயரத்தைப் போல மூன்று மடங்கு. இடைவெளி 10 செ.மீ.

நடுவதற்கு நவம்பர்தான் சரியான மாதம். டாஃபடில் கிழங்கோடு சேர்த்து செப்டம்பரிலேயே நட்டுவிடத் தோன்றும். பொறுத்திருங்கள். துலிப்பைத் தாக்கும் 'டுலிப் ஃபயர்' என்ற பூஞ்சண நோய் குளிர் இறங்கிய பிறகு அடங்கும். இலை முறுக்கிக்கொண்டு, தீயில் கருகியது போல் பழுப்புப் புள்ளி விழுந்தால் அதுதான். செடியைக் கிழங்கோடு பிடுங்கிக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் வேண்டாம். அந்த இடத்தில் மூன்று ஆண்டுக்குத் துலிப் கூடாது.

தொட்டிக்கு மூன்று பங்கு கம்போஸ்ட், ஒரு பங்கு பொடிக்கல். இங்கே நெருக்கியே நடலாம், ஒன்றையொன்று தொடாமல் இருந்தால் போதும். அடியில் செங்கல் துண்டு வைத்துத் தூக்கிவிடுங்கள். குளிர்கால மழை தேங்கினால் கிழங்கு அழுகிவிடும். அதே சமயம் வாசல் கூரைக்குக் கீழே இருக்கும் தொட்டியில் மழையே படாது. பிப்ரவரியில் முளை தெரிந்ததும் விரலை விட்டுப் பார்த்துத் தண்ணீர் ஊற்றுங்கள். அப்புறம் அணில். லண்டன் அணில்கள் புதிதாகக் கிளறிய மண்ணைக் கண்டால் விடாது. கோழிவலை ஒரு துண்டை மேலே அமுக்கி வையுங்கள், முளை வந்ததும் எடுத்துவிடலாம்.

பூ வாடியதும் காய் பிடிக்கும் முன் தலையை மட்டும் கிள்ளிவிடுங்கள். இலையைத் தொடாதீர்கள்! அது தானாக மஞ்சளாகும் வரை, ஏறக்குறைய ஆறு வாரம், கிழங்குக்கு உணவு சேர்க்கிறது. அந்த நாட்களில் தக்காளிச் செடிக்கு ஊற்றும் பொட்டாஷ் உரத்தைக் கொடுக்கலாம். தொட்டிக் கிழங்கை இலை காய்ந்ததும் எடுத்து, காற்றோட்டமான வலைப்பையில் வைத்திருந்து, நவம்பரில் பாத்திக்கு மாற்றுங்கள். தொட்டிக்கு ஆண்டுதோறும் புதுக் கிழங்கு வாங்குவதுதான் என் பழக்கம். செலவுதான், ஆனால் வாசலில் பூ நிச்சயம்.

அந்த வலைப்பையைச் சமையலறையில் மட்டும் தொங்கவிட வேண்டாம். பார்த்தால் வெங்காயம் மாதிரியே இருக்கும், ஆனால் நச்சு. நாய், பூனைக்கும் ஆகாது. சிலருக்குத் தொட்டாலே விரலில் அரிப்பு வரும் என்பதால் நடும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.