ஜெய்சல்மேரில் கோட்டைக்குள் தங்குவதா, கீழே தங்குவதா? – கேள்வி பதில்

கேள்வி: இரண்டு விடுதிகளைப் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று கோட்டைக்குள் இருக்கும் பழைய ஹவேலி, அதாவது மாளிகை வீடு. மற்றது கடிசர் ஏரிக்குச் செல்லும் வழியில், மொட்டைமாடியுடன் கூடியது. வாடகை ஏறக்குறைய ஒன்றுதான். எதில் தங்கலாம்?

பதில்: கீழே தங்குங்கள். ஹவேலியின் ஜன்னல் மாடத்தில் அமர்ந்து விடியலைப் பார்ப்பது இனிமையானதுதான். ஆனால் கோட்டைக்குள் இருப்பவருக்குக் கோட்டை தெரியாது. மாலை வெயிலில் அந்த மஞ்சள் மதில் தேன் நிறத்துக்கு மாறுவதை ஏரிப்பக்கத்து மாடியிலிருந்தே முழுமையாகக் காண முடியும். மேலும், கோட்டையின் சந்துகளில் வண்டி நுழையாது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். ஹவேலிப் படிகள் ஒவ்வொன்றும் முழங்கால் உயரம். முதியவர்கள் உடன் வந்தால் இது ஒன்றே முடிவைச் சொல்லிவிடும்.

இதைவிட முக்கியமான காரணம் தண்ணீர். 1156இல் ராவல் ஜெய்சல் திரிகூட மலைமேல் எழுப்பிய இக்கோட்டையில், குடங்களில் சுமந்து வந்த நீரை அளந்து செலவிட்டுத்தான் பல நூற்றாண்டுகள் மக்கள் வாழ்ந்தனர். குழாய் வந்த பிறகு, போதிய வடிகால் இல்லாத இடத்தில் கழிவுநீர் மலைக்குள் இறங்கத் தொடங்கியது. மணற்கல்லுக்கு அடியில் இருக்கும் களிமண் அடுக்குகள் நீரில் ஊறி நெகிழ, மேலே நிற்கும் மதில் நகர்கிறது. கொத்தளங்கள் சில இடிந்தும் விழுந்திருக்கின்றன. நான் தங்கிய அறையில் குளியலறைச் சுவரைத் தொட்டபோது, மாவைத் தொட்டதுபோல் மஞ்சள் பொடி விரலில் ஒட்டியது. அதன்பின் நான் மேலே தங்கியதில்லை.

கேள்வி: எந்த மாதத்தில் செல்லலாம்?

பதில்: நவம்பர் முதல் பிப்ரவரி வரை. ஜனவரி இரவுகளில் வெப்பநிலை 10 பாகைக்குக் கீழே இறங்கும், கம்பளி தேவை. மே, ஜூன் மாதங்களில் 45 பாகையைத் தாண்டும் நாள்கள் உண்டு.

கேள்வி: மிகக் குறைந்த வாடகைக்கு அறை தருவதாக ஒருவர் சொல்கிறார். ரயில் நிலையத்துக்கே வந்து அழைத்துச் செல்வாராம். நம்பலாமா?

பதில்: அறை மலிவாக இருந்தால், ஒட்டகச் சவாரியில் அந்தப் பணம் வசூலாகும் என்று கொள்ளுங்கள். சவாரிக்குப் பதிவு செய்ய மறுத்ததும் முகம் மாறும் இடங்கள் உண்டு. சவாரி கட்டாயமா என்பதை முன்பே எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

கேள்வி: நீங்கள் சொல்வது அநியாயம். கோட்டைக்குள் சில ஆயிரம் பேர் இன்றும் வாழ்கிறார்கள். விடுதிதான் பலருக்குப் பிழைப்பு. அவர்களும் குழாய்த் தண்ணீரைத்தானே பயன்படுத்துகிறார்கள்?

பதில்: பயன்படுத்துகிறார்கள், வடிகாலைச் சரிசெய்யாத குற்றம் அவர்களுடையதும் அன்று. ஆனால் ஒரு குடும்பம் வாழ்ந்த வீட்டைப் பத்து அறைகளாகப் பிரித்து, அறைக்கொரு கழிப்பறையும் குளியலறையும் வைத்தால், அந்த மலை சுமக்க வேண்டிய நீர் பல மடங்காகிறது. பிழைப்புக்கு உதவ விரும்புவோர் மேலேயே சாப்பிடலாம், பொருள் வாங்கலாம், அங்குள்ளவரையே வழிகாட்டியாக அமர்த்தலாம். இரவுக் குளியலை மட்டும் கீழே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அதே நபர்தான். உரிமையாளர் குடும்பமே வசிக்கும், இரண்டே அறை கொண்ட வீடு என்றால்?

பதில்: அங்கே என் வாதம் தளர்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். வாளியில் குளித்து, ஓர் இரவு மட்டும் தங்குவதானால் மறுக்க மாட்டேன். ஆனால் 2013இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த கோட்டை என்று விளம்பரம் செய்தபடியே மாடியில் நீச்சல்தொட்டியும் காட்டும் விடுதியை உங்களால்கூட ஆதரிக்க முடியாது.

கேள்வி: மணல்மேடுகளுக்கு அருகில் எந்த விடுதி?

பதில்: சம் மணல்மேடுகள் நகரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். நகரத்து விடுதி எதுவும் அருகில் இல்லை. கூடாரம் வேண்டுமென்றால் அது தனிக் கேள்வி. அமைதி வேண்டுமென்றால் குரி என்ற கிராமத்துப் பக்கம் விசாரியுங்கள்.

கேள்வி: கோட்டைக்குள் தங்கலாமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: ஏரிப்பக்கத்து விடுதியில் எந்த அறையைக் கேட்பது?

பதில்: மேல்தளத்தில், கோட்டையை நோக்கிய ஜன்னல் உள்ள அறையை. பதிவின்போதே அப்படிக் குறிப்பிடுங்கள். கோடையில் மட்டும் மேல்தளம் வேண்டாம், பகல் முழுதும் சூடேறிய கல் நள்ளிரவு வரை அனலை உமிழும்.