தாய்லாந்தின் குத்துச்சண்டை வீரர் சோம்ராக் கம்சிங் தொழில்முறை உலகப் பட்டம் எதுவும் வெல்லாமலே இத்தனை புகழ் பெற்றது எப்படி?

உலகப் பட்டங்களுக்குத் தாய்லாந்தில் என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. 1960இல் போன் கிங்பெட்ச் தொடங்கிவைத்தார். காவ்சாய் கேலக்ஸி தன் பட்டத்தை 19 முறை தக்கவைத்துக்கொண்டு, சாம்பியனாகவே ஓய்வுபெற்றார். அந்த நாட்டிடம் இல்லாதது ஒலிம்பிக் தங்கம்தான். 1952 முதல் பங்கேற்றும், 1996 அட்லாண்டா ஒலிம்பிக்குக்கு முன் கிடைத்தவை ஒரு வெள்ளியும் மூன்று வெண்கலமும் மட்டுமே. நான்கும் குத்துச்சண்டையில் வந்தவை. அதனால் அட்லாண்டாவில் சோம்ராக் வென்ற தங்கம் நாட்டின் 44 ஆண்டுக் காத்திருப்பைத் தீர்த்துவைத்தது. இன்னொரு உலகப் பட்டத்தால் அது முடிந்திருக்காது.

சோம்ராக் கொன் கேன் மாகாணத்துக்காரர். சிறு வயதிலேயே முவே தாய் என்ற தாய்லாந்தின் மரபுச் சண்டைக் களத்தில் பிம்ஆரன்லெக் என்ற பெயரில் மோதி வளர்ந்தவர். முவே தாயில் உதையும் முழங்காலும்தான் அதிகம் மதிக்கப்படும். வெறும் குத்துக்கு மரியாதை குறைவு. அங்கிருந்து வந்தவர் ஒலிம்பிக் போன்ற அமெச்சூர் களத்தில் எப்படி ஜொலித்தார் என்பதற்கு என் பதில்: அன்றைய கணினிப் புள்ளிமுறை. ஐந்து நடுவர்களில் மூவர் ஏறத்தாழ ஒரே நொடியில் பொத்தானை அழுத்தினால்தான் ஒரு குத்து புள்ளியாகும். சரமாரியாகக் குத்துபவரின் உழைப்பில் பாதி அதில் வீணாகும். எதிராளியின் குத்தைக் குறிதவற வைத்து, வெட்டவெளிச்சமாக ஒரே ஒரு எதிர்க்குத்து விடுபவருக்குப் பலன் உண்டு. சோம்ராக்கின் கண்ணும் காலும் அதற்கென்றே அமைந்தவை.

ஃபெதர்வெயிட் எடைப்பிரிவின் இறுதியில் அவர் சந்தித்த பல்கேரியாவின் செராஃபிம் தொதொரோவ், மூன்று முறை உலக அமெச்சூர் சாம்பியன். பின்னாளில் தொழில்முறையில் தோல்வியே காணாத அமெரிக்காவின் ஃப்ளாய்ட் மேவெதரை அரையிறுதியில் 10–9 என்று வீழ்த்தியிருந்தார். அமெரிக்கத் தரப்பு அந்தத் தீர்ப்பை எதிர்த்து முறையிட்டும் பயனில்லை. அந்தத் தொதொரோவைச் சோம்ராக் 8–5 என வென்றார். இதை வைத்து மேவெதரையும் வென்றிருப்பார் என்று கணக்குப் போடும் ரசிகர்கள் உண்டு. குத்துச்சண்டையில் அந்தக் கணக்கு செல்லாது.

மன்னர் பூமிபோல் அரியணை ஏறிய 50ஆம் ஆண்டு அது. வென்ற கையோடு மேடையிலேயே மன்னரின் படத்தை உயர்த்திப் பிடித்தார் சோம்ராக். ஊர் திரும்பியபோது அவர் வெறும் விளையாட்டு வீரராக இருக்கவில்லை.

மீதிப் புகழை வாயால் சம்பாதித்தார் என்பேன். அடக்கமாகப் பேசும் சாம்பியன்களைப் பார்த்துப் பழகிய மக்களுக்கு, சவடாலும் சிரிப்புமாகப் பேசும் ஒருவர் புதிது. அவர் பாடினார், படங்களில் நடித்தார். 1994, 1998 ஆசியப் போட்டிகளிலும் தங்கம் அவருக்கே. ஆனால் 2000 சிட்னி ஒலிம்பிக்கில் காலிறுதியோடு வெளியேறினார். அதே சிட்னியில் ஃப்ளைவெயிட் தங்கம் வென்ற விசான் போன்லிட்டுக்கு பாங்காக்கில் 49 யானைகளோடு ஊர்வலம் நடந்தது. 2004இல் மனுஸ், 2008இல் சோம்சித் என்று ஒலிம்பிக் தங்க வரிசை தொடர்ந்தது. ஆட்ட நுட்பத்தில் சோம்சித்தைச் சோம்ராக்குக்கு இணையாக வைக்கலாம் என்பது என் கருத்து. மக்கள் செல்வாக்கில் மூவருமே அவரை எட்டவில்லை.