பத்து டொலர் கட்டினா போதுமான்னு கேட்ட தம்பிக்கு

தம்பி, இலங்கையில தலவாக்கலையிலேர்ந்து கனடாவுல ஸ்காபரோ வந்து மூணு மாசம்னு எழுதியிருக்கீங்க. கேட்டது நாலு கேள்வி. பேங்க்ல 1,500 டொலர் லிமிட்ல கிரெடிட் கார்டு குடுத்திருக்காங்க, மாசாமாசம் மினிமம் மட்டும் கட்டினா போதுமா? ஊர்ல அக்காவோட கார்டுக்கு 36% வட்டி போட்டாங்க, இங்க 19.99% தானே, மலிவுதானே? எந்தக் கார்டுல பாயின்ட் கூட? குளிருக்கு ஜாக்கெட் எங்க வாங்குறது?

பாயின்ட் கதையை விடுங்க. நூறு டொலர் செலவழிச்சா ஒரு டொலர் திரும்பி வருதுன்னு கல்யாண வீட்டுல உக்காந்து ஒரு மணி நேரம் பேசுற ஆளுங்க இங்க நிறைய. அவங்கள்ல எத்தனை பேர் அதே கார்டுக்கு வட்டி கட்டிக்கிட்டு இருக்காங்கன்னு நான் வாயத் தொறக்க மாட்டேன்.

முதல் கேள்விதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்துச்சு. ஏன்னா 2003ல, இதே ஊர்ல, இதே கேள்விய நான் யார்கிட்டயும் கேக்காம எனக்கு நானே பதில் சொல்லிக்கிட்டேன். பத்து டொலர்தானேன்னு.

கணக்கைப் பாருங்க. இங்க நிறைய கார்டுல மினிமம்ங்கிறது பத்து டொலரும் அந்த மாச வட்டியும். 1,500 டொலர் கடனுக்கு 19.99% வட்டின்னா மாசத்துக்கு 25 டொலர் வட்டி. நீங்க 35 டொலர் கட்டுவீங்க. கட்டிட்டோம்னு நிம்மதியா இருப்பீங்க. ஆனா முதல்ல, அதாவது வாங்குன கடன்ல, குறைஞ்சது அந்தப் பத்து டொலர்தான். 1,500ஐ பத்து பத்தா கழிச்சா 150 மாசம். பன்னெண்டரை வருசம், தம்பி. அதுவும் அந்தக் கார்டுல இன்னொரு டொலர்கூட செலவு பண்ணாம இருந்தா. வட்டி மட்டும் கூட்டிப் பாத்தா 1,900 டொலர் கிட்ட வரும். வாங்குன சாமானைவிட வட்டி பெருசு. உங்க ஸ்டேட்மென்ட்ல ஒரு சின்னப் பெட்டிக்குள்ள, மினிமம் மட்டும் கட்டினா எத்தனை வருசம் எத்தனை மாசம் ஆகும்னு போட்டிருக்கும். 2010ல வந்த சட்டம் அது. நான் வந்த காலத்துல அந்தப் பெட்டியும் கெடையாது.

இன்னொண்ணு, இது யாரும் சொல்ல மாட்டாங்க. ஸ்டேட்மென்ட் வந்த நாள்லேர்ந்து குறைஞ்சது 21 நாள் தவணை. அதுக்குள்ள முழுசா கட்டினா வாங்குன சாமானுக்கு ஒரு சதம் வட்டி இல்ல. ஆனா ஆயிரம் டொலர் பில்லுல 990 கட்டிட்டு பத்தை விட்டீங்கன்னா, வட்டி அந்தப் பத்துக்கு மட்டும்னு நெனைக்காதீங்க. ஆயிரத்துக்கும், நீங்க சாமான் வாங்குன நாள்லேர்ந்து போடுவாங்க. மாசத் தொடக்கத்துல வாங்கி, கடைசித் தேதியில 990 கட்டியிருந்தா 28 டொலர் வரைக்கும் வரும். பத்து டொலரை விட்டதுக்கு 28 டொலர்.

என் கதை இதைவிடக் கேவலம். வந்த முதல் மார்கழியில அம்மாவுக்கு சுகமில்ல, கண்டிக்குக் கூட்டிட்டுப் போகணும்னு ஊர்லேர்ந்து என் தம்பி போன் பண்ணினான். கையில காசில்ல. ஏடிஎம்ல கார்டைப் போட்டு 800 டொலர் எடுத்தேன். மெஷின் காசா குடுத்துச்சு, நானும் ஏதோ என் காசு மாதிரி எண்ணிப் பாத்து அனுப்பிட்டேன். கார்டுல காசா எடுத்தா அந்த 21 நாள் தவணையே கெடையாதுன்னு அப்ப தெரியாது. எடுத்த நிமிசத்துலேர்ந்து வட்டி, அதுவும் சாமானுக்குப் போடுறதைவிடக் கூட; இப்ப 22.99% சாதாரணம். எடுத்ததுக்குத் தனியா ஒரு கட்டணம் வேற. பொறகு ஒரு பொம்பளப் புள்ள போன் பண்ணி, வேலை போனா கடனை நாங்க பாத்துக்குவோம், இன்சூரன்ஸ் போடட்டுமான்னு இனிமையா கேட்டா. அவ பேசுன இங்கிலீஸ் பாதி புரியல, யெஸ்னு சொன்னேன். கடன் நூறு டொலருக்கு மாசம் ஒரு டொலர் மாதிரி அது போயிக்கிட்டு இருந்துச்சு. கடன் 7,000 ஆனப்ப மாசம் 70 டொலர். வேலை போனப்ப கேட்டா, பகுதிநேர வேலைக்கு அது செல்லாதாம்.

அப்புறம் வந்துச்சு அடுத்த கடுதாசி. உங்க பழைய கடனை எங்க கார்டுக்கு மாத்திக்குங்க, ஆறு மாசத்துக்கு வட்டி 1.9%னு. மாத்துறதுக்கு ஒரு கூலி, ஆறு மாசம் முடிஞ்சா பழைய வட்டி. கையெழுத்துப் போடும்போது எங்க பாட்டன் ஞாபகம் வந்துச்சு. இலங்கை மலைநாட்டுல, டிக்கோயா பக்கத்துல எங்க தேயிலைத் தோட்டம். இஸ்தோப்புல, அதான் வாசல் திண்ணையில, உக்காந்து பாட்டன் அவங்கப்பா காலத்துக் கதை சொல்வாரு, துண்டுக் கதை. ஒரு தோட்டத்துலேர்ந்து இன்னொரு தோட்டத்துக்குப் போகணும்னா தோட்டத்தை நடத்துற தொரை ஒரு துண்டுக் கடுதாசி குடுப்பாராம். இந்த ஆளுங்க இவ்வளவு கடன், அதைக் கட்டினா கூட்டிட்டுப் போகலாம்னு எழுதியிருக்கும். புதுத் தொரை கடனைக் கட்டுவாரு, கடன் அவரு கொப்பியில ஏறும். ஆளுதான் தோட்டம் மாறுவான், கடன் மாறாது. 1921ல சட்டம் போட்டுத் துண்டை ஒழிச்சாங்க. நான் எண்பது வருசம் கழிச்சு கனடாவுல ஒரு துண்டு வாங்கி, சொந்தக் கையால கையெழுத்துப் போட்டேன்.

எங்க தோட்டத்துக் கடையும் அப்படித்தான். பத்தாந் தேதி சம்பளம். மொதலாளி கொப்பியத் தொறந்து வச்சிருப்பாரு. அப்பா முழுசா குடுக்கப் போனா, "அட, கொஞ்சம் வச்சுட்டுப் போ, புள்ளைங்களுக்கு ஏதாவது வாங்கு"ன்னு சிரிப்பாரு. நல்ல மனுசன்னுதான் நாங்க நெனச்சோம். பாக்கி இருக்கிற வரைக்கும் நாங்க வேற கடைக்குப் போக மாட்டோம்னு அம்மாவுக்குத் தெரியும். அம்மா எழுதப் படிக்கத் தெரியாதவங்க. நாங்க குடியிருந்த காம்பரா செவுத்துல கரிக்கோடு போட்டு வச்சிருப்பாங்க, மாவுக்கு நெட்டைக்கோடு, மண்ணெண்ணெய்க்குக் குட்டைக்கோடு. மொதலாளி கொப்பிக்கும் செவுத்துக்கும் கணக்கு ஒத்துப்போகலன்னா அன்னிக்கு கடை வாசல்ல திருவிழாதான். படிச்சுட்டு வந்த நான் ஒரு கோடுகூடப் போடல.

என்னைக் காப்பாத்துனது வேலைத்தலத்துல ஒரு யாழ்ப்பாணத்து அக்கா. சொல்லணும்னா சொல்லணும். எங்க ஊர் ஹட்டன் பக்கம்னு சொன்னதும், தோட்டத்து ஆளுன்னு எளக்காரமா "ஓ, மலைநாடோ"ன்னு ஒரு இழுவை இழுக்கிற சனம் இங்க இருந்துச்சு, இன்னும் இருக்கு. அது எனக்கு ஆறாத புண். ஆனா அந்த அக்கா இழுக்கல. சாப்பாட்டு நேரத்துல என் ஸ்டேட்மென்ட்ட வாங்கி, குழம்புக் கையோட பேனாவால ஒரு வட்டம் போட்டாங்க. "தம்பி, இஞ்ச பாரும். நீர் கட்டுறதெல்லாம் வட்டிக்குப் போகுது. முதல்ல பத்துத்தான் குறையுது. இன்சூரன்ஸை இண்டைக்கே நிப்பாட்டும்." நிப்பாட்டினேன். கார்டை ரெண்டா வெட்டி, ராத்திரி வேலை ஒண்ணு பிடிச்சு, வட்டி கூடின கடனை மொதல்லயும் மத்ததைப் பொறகும் கட்டினேன். மூணு வருசம். அப்ப ஒரு சடங்கு வீட்டுக்குக்கூட போகல. பெரியவளான பொண்ணை சடங்குக்கு ஹெலிகொப்டர்ல எறக்கிட்டு அதுக்கு கார்டைத் தேய்ச்சவங்க என்னைக் கஞ்சன்னாங்க.

அந்த 36% கணக்கு. இலங்கையில 2020ல மத்திய வங்கி கார்டு வட்டிக்கு 18%ன்னு மேல் வரம்பு போட்டுச்சு. 2022 சித்திரையில அந்த வரம்பை எடுத்துட்டாங்க, வட்டி முப்பதுக்கு மேல ஏறிடுச்சு. ஆனா அதே 2022 செப்டெம்பர்ல கொழும்புல வெலவாசி ஒரு வருசத்துல 70% கிட்ட ஏறியிருந்துச்சு. காசு கரையிற வேகத்துக்கு அக்காவோட கடனும் உள்ளுக்குள்ள கரைஞ்சுது, கட்டுறதுக்கு சம்பளந்தான் இல்ல. இங்க வெலவாசி ரெண்டு மூணு சதவீதத்துல நிக்கிது. அதுக்கு மேல 19.99%. எது பாரம்னு நீங்களே தூக்கிப் பாருங்க.

மத்ததெல்லாம் சுருக்கமா. ஊருக்கு டிக்கெட்டை ரூபாயில போட்டா நிறைய கார்டு 2.5% கூடுதலா பிடிக்கும். கடைக்காரன் கவுன்டர்ல நீட்டுற கடைக் கார்டு 28, 29% வட்டி, சிரிச்சுட்டு வேணாம்னுங்க. கிரெடிட் ஸ்கோர்ங்கிறது நீங்க கடனை ஒழுங்கா கட்டுறீங்களான்னு காட்டுற நம்பர், 300லேர்ந்து 900 வரைக்கும். வாடகை வீடு பாக்கப் போனா அதைத்தான் கேப்பாங்க. ஒரு மாசம் கட்டாம விட்டது ஆறு வருசம் அதுல நிக்கும். லிமிட்ல மூணுல ஒரு பங்குக்கு மேல செலவு பண்ணாம, முழுசா கட்டினா தானா ஏறும். பேங்க்லேர்ந்து தானா போற மாதிரி போட்டு வைங்க. ஆனா போடும்போது "மினிமம்"னு இல்ல, "முழுத்தொகை"ன்னு இருக்கான்னு ரெண்டு தடவை பாருங்க. அந்தப் பக்கம் மினிமத்தை மொதல்ல காட்டினாலும் காட்டும்.

இப்போதைக்கு உங்க ஸ்டேட்மென்ட்ட, கார்டு நம்பரை மறைச்சு, போட்டோ எடுத்து அனுப்புங்க. அந்தப் பெட்டியில எத்தனை வருசம்னு போட்டிருக்குன்னு பாக்கணும். ஜாக்கெட்டுக்குக் காசு செலவழிக்காதீங்க, என்கிட்ட ஒண்ணு சும்மா தொங்குது. கைதான் கொஞ்சம் நீளமா இருக்கும், மடிச்சு விட்டுக்குங்க.